காற்றைத் தூய்மை செய்த விளக்குகள்

மக்கள் கூடிவாழும் நகரங்களில் குடிநீரைத் தூய்மை செய்தல் வேண்டும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது. ஆயின், ஓர் அறையிலுள்ளோர் அனைவரும் சுவாசிக்கும் காற்றையும் தூய்மை செய்யலாம் என்னும் எண்ணம் பிந்தியே தோன்றியது. அதற்குக் கருவியாக அமைந்தது ஒளியாகும்.

1877ஆம் ஆண்டில் டவுன்ஸ், பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர், சூரிய ஒளி பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பதை எடுத்துக்காட்டினர். தோலைப் பற்றும் காசநோயை ஒளியினாற் குணப்படுத்திய டென்மார்க் நாட்டு நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வறிவைப் பொதுவிடங்களுக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான வில்லியம் வெல்ஸ் ஆவார். இருமலில் வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து, நெடுநேரம் காற்றில் மிதந்து நோயைப் பரப்பவல்லன என்று அவர் 1934இல் விளக்கினார். 1937 முதல் பிலடெல்பியாவை அண்டிய பாடசாலைகளில், தலைக்கு மேலான உயரத்திற் கழியூதாக் கதிர் விளக்குகள் பொருத்தப்பட்டன. கண்ணுக்கும் தோலுக்கும் ஊறு விளைக்கவல்ல அக்கதிர் மாணவர்மீது நேரே படாது, மேலெழும் காற்றிலுள்ள கிருமிகளை அழித்தது. 1941இல் சின்னமுத்து பரவியபோது, இவ்வகுப்பறைகளில் நோயுற்றோர் தொகை ஏனையவற்றிலும் பார்க்கக் குறைவாயிருந்தது.

பின்னர் நியூயோர்க் மாநிலத்துக் கிராமப் பாடசாலைகளிற் செய்யப்பட்ட சோதனை அத்தகைய வெற்றியைத் தரவில்லை. வகுப்பறையிற் பாதுகாக்கப்பட்ட பிள்ளைகள், பாடசாலை பஸ் வண்டிகளில் நெருங்கியிருந்து நோயைப் பகிர்ந்துகொண்டனர். விளக்கில்லாத இடத்தின் குறை விளக்கின் குறையாகக் கருதப்பட்டது.

இதனிடையே காசநோய்க்குப் புதிய மருந்துகள் வந்தன. 1956இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்போரும் மருத்துவ நிலையத்திற் தங்குவோரைப் போன்றே குணமடைவதை 1959இல் நிறுவிற்று. வறியோருக்கு இது பெருவரமாயிற்று. எனினும், மருந்து இருக்கையிற் காற்றைப் பற்றிய கவலை எதற்கு என்னும் எண்ணமும் மருந்துகளோடு வளர்ந்தது. அக்காலத்திலேயே பால்ற்றிமோர் வைத்தியசாலையொன்றில் ரிச்சர்ட் ரைலி முதலியோர் முக்கியமானதோர் உண்மையைக் கண்டனர். காசநோயாளர் விடுதியின் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகள் தொற்றுக்குள்ளாயின. கதிரூட்டப்பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. மருந்துக்கு அடங்காத காசநோய் பரவிய பின்னரே இம்முடிவு மீண்டும் கவனம் பெற்றது. 2009இல் வெளியான லீமா நகர ஆய்வில், விளக்கு எரியாத நாட்களின் காற்றைச் சுவாசித்த கினிப்பன்றிகளுள் 35 சதவீதமானவை தொற்றுற்றன. விளக்கு எரிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றுள் 9.5 சதவீதமே தொற்றுற்றன. 2020இன் கொவிட் பெருந்தொற்று இவ்வரலாற்றை உலகம் முழுவதற்கும் நினைவூட்டியது.

கொழும்பு வாழ்வுக்கும் இவ்வரலாறு பொருந்துவதாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையிற் பலராகத் தங்கும் மாணவர், நெரிசலான பஸ் வண்டியில் நுகேகொடைக்கு வந்து, விரிவுரை மண்டபத்தில் அமர்கின்றனர். இம்மூன்று இடங்களிலும் அவர்கள் பிறரோடு காற்றைப் பகிர்கின்றனர். மண்டபத்தில் மட்டும் விளக்கமைத்து, ஏனைய இரண்டையும் மறப்பின் நியூயோர்க்கின் தோல்வியே இங்கும் நேரும். யன்னலும் காற்றோட்டமும் விளக்கும் ஒன்றுக்கொன்று துணையாதல் வேண்டும். பொதுவிடத்தின் காற்று பொதுச்சொத்து என்னும் உணர்வு அவற்றுக்கு முற்பட வேண்டும்.