பொது மணியும் பொதுக் காப்பகமும்: புவித் தரவுப் பகிர்வின் வரலாறு

காற்றழுத்தம், காந்தப்புலம், கடல்மட்டம் போன்றவற்றை ஓரிடத்தில் எத்தனை நுணுக்கமாக அளந்தாலும், வேறிடங்களில் எடுத்த அளவுகளோடு வைத்துப் பார்க்காதவரை அவற்றால் பெரும்பயன் விளைவதில்லை என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர்களே உணர்ந்திருந்தனர். 1780இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில், சிற்றரசர் கார்ல் தியோடரின் ஆதரவில் தோன்றிய வானிலைச் சங்கம், பல நாடுகளிலிருந்த நிலையங்களுக்கு ஒரேவகைக் கருவிகளை அனுப்பி, காலை 7, பிற்பகல் 2, இரவு 9 ஆகிய மணிகளில் அளவெடுக்கச் சொல்லி, வந்துசேர்ந்த பதிவேடுகளைத் தொகுத்து அச்சிட்டது. அதன் செயலாளர் ஹெம்மர் 1790இல் இறந்ததும் சங்கம் தளர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்கள் அந்த நிலப்பகுதியைச் சூழ்ந்தபின் 1795இல் அதன் வெளியீடும் நின்றுபோயிற்று. ஒரு மனிதரின் உழைப்பையும் ஓர் அரசரின் பணத்தையும் நம்பி நின்ற ஏற்பாட்டுக்கு வேறு முடிவு இருந்திருக்க இயலாது. அறிவியலில் பகிர்வு என்பது பெரும்பாலும் பெருந்தன்மையின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அளவெடுக்கும் மணி எது, எழுதும் படிவம் எது, எழுதியதைக் காக்கும் பொறுப்பு யாருடையது, அதற்கான செலவு யார் தலையில் விழும் என்ற கணக்கு வழக்குகளே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

மணியைப் பற்றிய முடிவு முதலில் ஏற்பட்டது. மன்ஹைம் சங்கம் வகுத்தவை அந்தந்த ஊரின் உள்ளூர் மணிகள். தட்பவெப்பத்தை ஒப்பிட அவை போதும். காந்தப்புயல், அதாவது சூரியனின் சீற்றத்தால் காந்த ஊசி சில மணிநேரம் தடுமாறும் நிகழ்வு, உலகெங்கும் ஒரே நொடியில் எழுகிறதா என்று அறிய வேண்டுமானால் எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் அளக்க வேண்டும். ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட்டின் தூண்டுதலால் கணித அறிஞர் கௌஸும் இயற்பியலாளர் வெபரும் 1836 முதல் 1841 வரை நடத்திய கோட்டிங்கன் காந்தச் சங்கம், குறித்த நாட்களில் 24 மணிநேரமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டிங்கன் நகர நேரப்படி அளவெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. கோட்டிங்கனில் நண்பகல் என்றால் சென்னையில் மாலை 4 மணி 41 நிமிடம். அளவெடுப்பவர் தம் ஊர்க் கடிகாரத்தை மறந்து, பார்த்தேயிராத ஒரு ஜெர்மன் நகரின் கடிகாரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

சென்னையை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் காந்த ஆய்வகங்கள் வேண்டுமென்று 1836இல் ஹம்போல்ட் லண்டன் ராயல் கழகத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். எட்வர்ட் சபீன் முதலியோர் அரசை விடாமல் வற்புறுத்தினர். அதன் விளைவாகக் கனடாவின் டொரண்டோ முதல் ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியா வரை நிலையங்கள் எழுந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தன் பங்குக்குச் சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய இடங்களை ஏற்றுக்கொண்டது. சென்னை வானாய்வகத்தில் 1846 முதல் 1850 வரை எடுத்த காந்த அளவீடுகள், அதன் பொறுப்பாளர் ஜேக்கப்பின் மேற்பார்வையில் நூலாக அச்சேறின. சிம்லாவும் சிங்கப்பூரும் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பம்பாய்க் கொலாபா நிலையம் மட்டும் தாக்குப்பிடித்தது.

அந்த நிலையத்தின் பதிவேடு 1859 செப்டம்பர் 2 அன்று பதிவான காந்தப்புயலுக்கு இன்று முதன்மையான சான்றாக விளங்குகிறது. ஒளிப்படத் தாளில் தானாகவே கோடு வரையும் கருவிகளை வைத்திருந்த இங்கிலாந்தின் நிலையங்களில், ஊசி அளவுக்கு மீறி விலகியதால் கோடு தாளைவிட்டு வெளியேறிவிட்டது. கொலாபாவில் மனிதர் கண்ணால் பார்த்து எழுதிய எண்கள் தப்பின. புவிக்காந்தத்தின் கிடைவிசை ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிந்ததை அவை காட்டுகின்றன. நானோடெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு. சில நூறு நானோடெஸ்லா சரிந்தாலே இன்று அது கடும்புயல். அச்சிட்டுப் பாதுகாத்த அந்த எண்களை 2003இல் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து வெளியிட்டனர். எழுதியவர்களோ அச்சிட்டவர்களோ இப்படியொரு பயனை எதிர்பார்த்திருக்க முடியாது. பின்னர் பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால், அதன் மின்னோட்டம் கருவிகளைக் குழப்பும் என்று அஞ்சி, 1904இல் நிலையத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். அளவீட்டுத் தொடர் அறுந்துவிடாதிருக்க 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்ந்தே அளந்தார்கள். தரவைப் பேணுவதில் இதைவிடச் சிறந்த பாடத்தைக் காண்பது அரிது.

கடலில் கப்பல் குறிப்பேடுகளுக்குப் பொதுப்படிவம் வகுத்த 1853ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் மாநாடும், வானிலைத் துறைகளை ஒன்றுசேர்த்த 1873ஆம் ஆண்டின் வியன்னா மாநாடும் படிவச் சிக்கலை ஓரளவு தீர்த்தன. காப்பகச் சிக்கல் தீரவில்லை. துருவப் பயணி வெய்ப்ரெக்ட் கனவுகண்ட முதல் துருவ ஆண்டில், அதாவது 1882–83இல், பல நாட்டுக் குழுக்கள் ஒரே திட்டப்படி துருவப் பகுதிகளில் அளந்தன. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் முடிவுகளைத் தனக்கு வசதியான காலத்தில் தனித்தனி நூலாக வெளியிட்டதால், எல்லாவற்றையும் சேர்த்து நோக்கும் வேலை நடக்கவேயில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 1932–33இல், இரண்டாம் துருவ ஆண்டு நடந்தது. தொகுப்புப் பணி முடியுமுன் உலகப்போர் மூண்டது. தலைவராயிருந்த டென்மார்க் அறிஞர் லா கூர் 1942இல் மறைந்தார். 1946இல் ஒரு தற்காலிகக் குழு அமைத்து, திவாலான கடையின் கணக்கை மூடுவதுபோல் எஞ்சியதை முடித்துவைத்தார்கள். அளந்தவற்றில் பெரும்பகுதி எவர் கைக்கும் முறையாகப் போய்ச் சேரவில்லை.

அந்த இழப்பை நேரில் கண்டவர்களே அடுத்த முயற்சியை வகுத்தனர். 1950 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் மேரிலாந்தில் இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் வீட்டு விருந்தொன்றில் லாயிட் பெர்க்னர் மூன்றாம் துருவ ஆண்டு பற்றிய பேச்சை எடுத்தார். அங்கிருந்த சிட்னி சாப்மன் அதைப் புவி முழுவதற்கும் விரித்தார். அப்படிப் பிறந்ததே 1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரை 67 நாடுகள் பங்கேற்ற பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு. சாப்மன் தலைவர், பெர்க்னர் துணைத்தலைவர், பெல்ஜியத்தின் மார்செல் நிக்கொலே செயலாளர். இவர்கள் செய்த வேலைகளில் காலத்தால் நிலைத்தது, அளவெடுப்பு தொடங்குமுன்பே காப்பகத்தைத் திட்டமிட்டது. அதுவே உலகத் தரவு மையங்கள் என்னும் அமைப்பு. ‘ஏ’ மையத்தை அமெரிக்காவும் ‘பி’ மையத்தைச் சோவியத் ஒன்றியமும் ஏற்றன. ‘சி’ மையம் துறைவாரியாகப் பிரிந்து மேற்கு ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் அமைந்தது. ஒவ்வொரு மையமும் மற்றவற்றோடு நகல்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எந்த நாட்டு ஆய்வாளர் கேட்டாலும் நகலெடுக்கும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தர வேண்டும். மையத்தை நடத்தும் செலவு அதை ஏற்ற நாட்டினுடையது. ஒரே பொருளை மூன்றிடத்தில் வைப்பது வீண்செலவு என்று தோன்றலாம். போரில் ஒரு மையம் அழிந்தாலும் மற்றவை எஞ்சும் என்பது, பனிப்போரின் நடுவே, எவரும் கற்பனை செய்யக்கூடிய காரணமாயிருந்தது.

தென்னிந்தியாவில் இதன் பலனைக் கண்கூடாகக் காணலாம். காந்த நடுவரை, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, இந்தியாவின் தென்முனையைத் தொட்டுச் செல்கிறது. அக்கோட்டின் மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல்நேரத்தில் ஒரு வலிய மின்னோட்டம் பாய்கிறது. அதற்கு ‘நடுவரை மின்தாரை’ என்று பொருள்படும் பெயரை இட்டவரும் சாப்மனே. புவி இயற்பியல் ஆண்டையொட்டி 1957இல் அண்ணாமலைநகரிலும் திருவனந்தபுரத்திலும் காந்த ஆய்வகங்கள் தொடங்கப்பட்டன. திருவனந்தபுரம் மின்தாரைக்கு நேர்கீழே. அண்ணாமலைநகர் அதன் ஓரத்தில். அலிபாக் முற்றிலும் வெளியே. திருவனந்தபுரத்தின் அளவிலிருந்து அலிபாகின் அளவைக் கழித்தால் எஞ்சுவது மின்தாரையின் வலிமை. இரண்டு பதிவேடுகளில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதால் இக்கணக்கு ஆகாது. 1963 நவம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்ததற்கும் அவ்விடத்தின் இந்தக் காந்த இருப்பிடமே முக்கியக் காரணம்.

இத்தனைக்கும் நடுவே பூட்டிவைத்த பெட்டிகளும் இருந்தன. கடலடியின் ஆழ அளவுகளை அமெரிக்கக் கடற்படை இரகசியமாக வைத்திருந்ததால், மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் 1957இல் வெளியிட்ட அட்லாண்டிக் வரைபடத்தில் ஆழ எண்களைத் தர இயலாமல், மலைகளையும் பள்ளங்களையும் மேலிருந்து பார்ப்பதுபோல் ஓவியமாகத் தீட்டினார்கள். அந்தக் கட்டுப்பாடே படத்தை எவரும் புரிந்துகொள்ளும்படி ஆக்கியது என்பது விந்தை. அதே ஆண்டில் ஏவப்பட்ட இரண்டாம் ஸ்புட்னிக்கின் கதை இன்னும் கசப்பானது. அச்செயற்கைக்கோள் சோவியத் நாட்டின் மேல் தாழவும், தென்கோளத்தின் மேல் உயரவும் பறந்தது. உயரத்தில் அதன் கதிர்வீச்சு அளவி அனுப்பிய குறிகளை ஆஸ்திரேலியர்கள் பதிவுசெய்தார்கள்; ஆனால் குறிகளின் பொருளைச் சொல்ல மாஸ்கோ மறுத்ததாகவும், பதிவைத் தர சிட்னி மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது. புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிந்த புகழ் அடுத்த ஆண்டு வான் ஆலனுக்குப் போயிற்று. தைவான் சேர்க்கப்பட்டதை எதிர்த்து மக்கள் சீனம் 1957இல் புவி இயற்பியல் ஆண்டிலிருந்து வெளியேறியது. ‘டி’ என்ற பெயரில் அதன் தரவு மையம் உருவாக 1988 வரை ஆயிற்று.

இரகசியம் தளர்ந்தபோது விலை குறுக்கே வந்தது. 1972 முதல் நிலப்பரப்பைப் படமெடுத்துவந்த லாண்ட்சாட் செயற்கைக்கோள்களின் விற்பனையை 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமெரிக்க அரசு தனியாரிடம் விட்டது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரையும் தாண்டியது. காடழிவை ஆண்டுக்காண்டு ஒப்பிட நூற்றுக்கணக்கான படங்கள் தேவைப்படும் ஆய்வாளர் அந்தப் பக்கமே போகவில்லை. அரசு மீண்டும் எடுத்து, விலையை 600 டாலராகக் குறைத்த பின்னரும், விற்பனை உச்சத்தைத் தொட்ட 2001இல் போனவை ஏறத்தாழ 25,000 படங்களே. 2008இல் காப்பகம் முழுவதும் இலவசமாக்கப்பட்டது. மறு ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. வானிலைத் துறையில் இதே சண்டையை உலக வானிலை அமைப்பு 1995இல் ஒரு சமரசத்தால் அடக்கியது. உயிரையும் உடைமையையும் காக்க இன்றியமையாத தரவுகள் கட்டணமின்றிப் போக வேண்டும். மற்றவற்றுக்கு நிபந்தனை விதிக்கலாம். எது இன்றியமையாதது என்பதை ஒவ்வொரு நாடும் தன் வசதிப்படி வகுத்துக்கொண்டது.

மணி, படிவம், காப்பகம், விலை ஆகியவற்றுக்குப் பிறகும் ஒரு தடை எஞ்சியிருந்தது. கணினியில் கிடக்கும் எண்களை எடுத்தவர் யார், எந்தக் கருவியால், எந்த உயரத்தில், எந்தத் திருத்தத்துக்குப் பின் என்ற விவரம் இல்லாவிட்டால் அவை இலவசமாகக் கிடைத்தும் பயனில்லை. தரவைப் பற்றிய இந்தத் தரவுக்கு மீத்தரவு என்று பெயர். இத்தகைய விவரங்களுக்குப் பொதுவழக்கை உருவாக்குவது ‘புவி அறிவியல் தகவல் கூட்டாளிகள்’ என்ற அமெரிக்கச் சமூகத்தின் முக்கிய வேலைகளுள் ஒன்று. மைய அதிகாரமின்றிக் கூட்டமைப்பாக இயங்கலாம் என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1995இல் கூறிய ஆலோசனையை ஏற்று, நாசா 1998இல் அதைத் தொடங்கியது. அரசு மையங்களும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் அதில் உறுப்பினர்கள். கட்டளையிட எவருக்கும் உரிமையில்லாததால், முன்னேற்றம் மெதுவாகவும் ஒப்புதலாலுமே நடக்கிறது. நூலை மேற்கோள் காட்டுவதுபோல் தரவுத்தொகுப்பையும் மேற்கோள் காட்டுவதற்கு அச்சமூகம் 2012இல் வழிமுறை வகுத்தது. தரவு எடுத்தவருக்குப் பெயரும் கிடைக்காமல் பணமும் கிடைக்காமலிருந்த குறை அதனால் ஓரளவு நீங்கத் தொடங்கியது. பழைய உலகத் தரவு மையங்களும் 2008இல் எடுத்த முடிவின்படி ஏ, பி, சி என்ற பிரிவுகளைக் கைவிட்டு, தரத்தைச் சோதித்துச் சான்று தரும் உலகத் தரவு அமைப்பாக மாறின.

தரவு உடனுக்குடன் போய்ச் சேராததன் விலை உயிராகவும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவில் நிலம் அதிர்ந்தபோது, பசிபிக்கில் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்த எச்சரிக்கை ஏற்பாட்டைப் போன்ற ஒன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. நாகப்பட்டினத்தை அலை எட்டுவதற்கு முன் இரண்டு மணிநேரத்துக்கும் மேல் இருந்தும் செய்தி வந்து சேரவில்லை. 2007இல் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. அது பிற நாடுகளின் நிலநடுக்க அளவிகளையும் கடல்மட்ட அளவிகளையும் உடனுக்குடன் பெறுகிறது, தன்னுடைய அறிவிப்புகளை அக்கரை நாடுகளுக்கும் தருகிறது. உலக வானிலை அமைப்பு 2021இல் பழைய சமரசத்தைக் கைவிட்டு, தரவுகளைத் தாராளமாகப் பரிமாறக் கோரும் புதிய கொள்கையை ஏற்றது. அதோடு, தரைநிலையங்கள் 200 கிலோமீட்டருக்கு ஒன்றாவது இருந்து மணிக்கொருமுறை அளவனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் சிறு தீவு நாடுகளிலும் பகிர்வதற்கு மனமில்லாமலில்லை. அளவனுப்பப் போதிய நிலையங்களே இல்லை. அந்த நிலையங்களைக் கட்டவும், கட்டியபின் ஆண்டுதோறும் நடத்தவும் பணம் தருவதற்கென்று அதே ஆண்டில் ஐ.நா. அமைப்புகள் மூன்று சேர்ந்து தனி நிதியமொன்றை ஏற்படுத்தின.