வெயில் நிறமும் முகப்பூச்சும்

வெளுத்த முகமே உயர்குடியின் அடையாளம் என ஐரோப்பா ஒரு காலத்தில் எண்ணியது. வயலில் உழைப்போர் முகமே வெயிலிற் கறுக்கும் என்பது அக்காலத்தார் கொள்கை. அதன்பொருட்டுச் சீமாட்டிகள் நஞ்சாகிய ஈயவெள்ளையை முகத்திற் பூசினர். இங்கிலாந்தில் பேரழகி எனப் புகழ்பெற்ற கொவன்றிச் சீமாட்டி மரியா, முப்பது வயது நிரம்புமுன் 1760ஆம் ஆண்டில் இறந்தார். அப்பூச்சே அவரைக் கொன்றது என்று கருதப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் தலைகீழாயிற்று. தொழிலாளர் ஆலைகளுள் அடைபட்டனர். செல்வரோ கடற்கரைகளில் ஓய்வு கொண்டனர். ஒளிச் சிகிச்சைக்காக டென்மார்க்கு மருத்துவர் நீல்ஸ் பின்சன் 1903இல் நோபெல் பரிசு பெற்றார். 1920களில் வெயில் நிறம் நாகரிகமாயிற்று. ஆயினும் வெயிலின் புறஊதாக் கதிர்கள் தோற்புற்றுநோயை விளைவிக்கும் என்பதைப் பின்னர் விஞ்ஞானம் நிறுவியது. வெயிலிற் காயாமலே அந்நிறம் தருவது புரொன்சர் எனும் செம்பழுப்புத் தூள். பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘தெரக்கோத்தா’ இவ்வகையிற் பெயர்பெற்றது.

இதனைப் பூசுவோர்க்குக் கதிரவனே ஆசான். தம் நிறத்தினும் ஓரிரு படி மட்டும் அடர்ந்த தூளைத் தெரிந்து, வெயில் முதலிற் படியும் நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு ஆகியவற்றில் மெல்லெனப் பரப்புதல் வேண்டும். மிகின் அழுக்கெனத் தோன்றும். நிறத்துக்காக உயிரையே ஈந்த காலம் போய், மாலையிற் கழுவிவிடும் தூளொன்று போதுமென்றானது நன்றேயாம்.