தோலகட்டியும் நாமும்

தோலகட்டியில், 1928 ஆம் ஆண்டு, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தைத் தொடங்கினார். வீடு, காணி, உறவு, புலால் யாவும் துறந்த அத்துறவிகள் மௌனம், இடையறாச் செபமாலை, உடலுழைப்பு என வாழ்ந்தனர். அவர்களின் முந்திரிகை ரசம் குடாநாடெங்கும் பெயர்பெற்றது.

1990இல் போரினால் வலிகாமம் வடக்கு வெறிச்சோடியபோது, அவர்கள் ஆச்சிரமத்தை இழந்தனர். நாம் வீட்டுத் திறப்புகளோடு வெளியேறினோம்.

அவர்கள் முன்பு துறந்தது விருப்போடு; எம்மிடமிருந்து போனது பறிக்கப்பட்டது. பறிகொடுத்ததைத் துறவென்று சொல்ல எமக்கு மனமில்லை. சொந்தக் காணியைக் கேட்பது உலகப்பற்றன்று, உரிமை. ஆயினும், இருந்த இடம் போனபின்னும் செபத்தையும் உழைப்பையும் கைவிடாத அத்துறவிகளிடம், எதைவிட்டாலும் எதை விடக்கூடாது என்பதை நாம் கற்றோம். எத்தேசத்தில் வாழினும் பழைய மாணவியர் இதனை நினைவிற் கொள்வோமாக.