டி/டி 602: ஒரு தாளுக்கு உரை

கூடலூர்க்காரர்கள் ரயிலேற வேண்டுமென்றால் போடிக்கோ தேனிக்கோ போகவேண்டும். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி வண்டி வந்த அந்தத் தடம் ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்பது அங்கே வழக்கம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையில் பாதை இரண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்று அடைபட்டால், மிஞ்சியதில் இரு திசை வண்டிகளையும் விடுவதற்கு ஓட்டுநரிடம் தரப்படும் அனுமதித் தாள்தான் டி/டி 602. அதன் கூறுகளைப் பொருளளவில் எடுத்துச் சொல்கிறேன்.

*எந்தப் பாதையில் ஓட்டம். அடைப்பு எந்தக் கிலோமீட்டரில்.*

சபரிமலை சீசனில் நம் பக்கச் சாலைகளில், மலைக்குப் போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வாகனங்களைக் குமுளி வழியாகவும் பிரித்துவிடுவார்கள். இந்தத் தாள் பிரிந்து ஓடியவற்றை ஒன்றில் சேர்க்கிறது. அதனால்தான் பாதையின் பெயரே முதலில் வருகிறது. 1999 ஆகஸ்ட் 2 அன்று மேற்கு வங்கத்துக் கைசாலில், சிக்னல் பணிகளுக்கிடையே தவறான பாதையில் போன அவத் அசாம் எக்ஸ்பிரஸ், பிரம்மபுத்ரா மெயிலுடன் நேருக்கு நேர் மோதியது. 280க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதை மாறியது உரிய நேரத்தில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

*லைன் கிளியர், பிரைவேட் நம்பருடன்.*

இரு நிலைய அதிகாரிகளும் போனில் பேசி, பாதை காலி என்பதற்கு அச்சிட்ட பட்டியலிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி உறுதி தருவார்கள். சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும்.

*முதல் வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. வழியில் நின்று, கேட்கீப்பருக்கும் கேங்மேன்களுக்கும் தகவல் சொல்லும்.*

இந்தத் தாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். இரட்டைப் பாதையில் வேலை செய்பவருக்கு வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது உடம்பில் ஊறிய பழக்கம். ஸ்பேனரோடு குனிந்திருக்கும் கீமேன் அந்தப் பக்கத்தைத்தான் கவனிப்பார். இன்று முதுகுப் பக்கமும் வண்டி வரும் என்று அவருக்கு யார் சொல்வது? முதல் வண்டிதான் சொல்லவேண்டும். தாமதமாகிறதே என்று பெட்டிக்குள் சலித்துக்கொள்ளும் நாம், எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வண்டி நிற்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த வண்டிகள் வழக்கமான வேகத்தில் போகலாம்.

*எதிர்த்திசையில் வரும் வண்டி நிலையத்துக்கு வெளியே நிற்கும்.*

அந்தத் திசைக்கு அங்கே சிக்னல் கிடையாது. சீருடை அணிந்த ஊழியர் எழுத்து அனுமதியோடு வந்து உள்ளே அழைத்துப்போவார். பாதை பிரியும் பாயிண்டுகளைக் கிளாம்ப் போட்டுப் பூட்டியிருப்பார்கள்.

அடைப்பு நீங்கியதும், பாதை சரியாகிவிட்டதென்று பொறுப்பான பொறியியல் ஊழியர் எழுதித் தரவேண்டும். அதன்பிறகே இரு நிலையங்களும் மறுபடி எண் பரிமாறி, பழைய ஓட்டத்துக்குத் திரும்பும்.