பாலமே கதாநாயகன்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டதும், எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு மௌனப் படம். 1928-இல் நெதர்லாந்தில் வெளியான அதன் பெயர் 'பாலம்'. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வசனமும் இல்லை, நடிகரும் இல்லை. ரயில் வருகிறது, சிக்னல் கிடைக்காமல் நிற்கிறது. பாலம் மேலே போகிறது, கப்பல் கடக்கிறது, பாலம் இறங்குகிறது, ரயில் புறப்படுகிறது. அவ்வளவுதான் கதை!

எடுத்தவர் யோரிஸ் இவென்ஸ். பெர்லினில் புகைப்பட வேதியியல் படித்தவர். அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ராட்டர்டாம் துறைமுகத்தில் பழைய சுழல் பாலம் கப்பல்களுக்கு இடைஞ்சலாக இருந்தது. 1918-இல் ஒரு கப்பல் அதன்மேல் மோதியது. அதற்குப் பதிலாக 1927-இல் வந்ததுதான் இந்தத் தூக்குப் பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இரும்புத் தளம் அப்படியே மேலே எழும். துலா ஏற்றத்தின் பின்முனையில் கல் கட்டுவோமே, அந்தத் தத்துவம்தான். எதிர் எடைகள் பாரத்தைச் சமன் செய்வதால் மோட்டாருக்குச் சிரமம் குறைவு.

இவென்ஸ் கையில் இருந்தது 'கினாமோ' என்ற சின்னக் கேமரா. ஒரு தடவைக்கு 25 மீட்டர் ஃபிலிம்தான் போடலாம். ஒன்றரை நிமிஷம்கூட வராது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கோபுரத்தில் ஏறலாம். சக்கரம், கம்பி வடம், கீழே தெரியும் தண்டவாளம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, பாலம் எப்படி வேலை செய்கிறது என்பதை நமக்கே புரிய வைத்துவிடுகிறார்.

1993-இல் சுரங்க ரயில்பாதை வந்ததும் பாலத்துக்கு வேலை போயிற்று. இடிக்கக்கூடாது என்று மக்கள் எதிர்த்ததால், இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது. நம் பாம்பனிலும் 1914-இல் திறந்த பாலம் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், ராட்டர்டாம் மாதிரியே செங்குத்தாக எழும் தூக்குப் பாலம்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நமது ஒர்க்ஷாப்பில் நான் முதன்முதலில் கை வைத்த பெல்ட் லேத் பழைய இரும்பாகப் போய்விட்டது. நாலு வருஷம் தினம் பார்த்தேன்; ஒரு போட்டோகூட எடுக்கத் தோன்றவில்லை. அது ஓடும் சத்தத்தை இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இருக்கும் செல்போன் கினாமோவைவிடப் பல மடங்கு வசதியானது. ஒர்க்ஷாப்பில் மிச்சம் இருக்கிற பழைய மெஷின்களை, ஓடும்போதே படம் பிடித்து வையுங்கள். அடுத்த சந்திப்பில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.