இரண்டு மோர்ஸ் முறைகள்: வேகமா, தெளிவா?

மோர்ஸ் குறியீடு உலகுக்கெல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுகிறோம். நெடுங்காலம் அது இரண்டாக இருந்தது. சாமுவேல் மோர்ஸும் ஆல்ஃபிரட் வெயிலும் உருவாக்கியது அமெரிக்க முறை. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி போனதும் அமெரிக்காவில் வேரூன்றிய முறை அது. 1848இல் ஹாம்பர்க்–குக்ஸ்ஹாஃபன் தந்தித் தடத்துக்காக ஃபிரீட்ரிக் கெர்கே அதைத் திருத்தினார். அதிலிருந்து வளர்ந்தது பன்னாட்டு முறை.

அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. இரண்டிலும் 'ஈ' ஒற்றைப் புள்ளிதான். 26 ஆங்கில எழுத்துகளில் 15க்கு ஒரே குறி. மீதி 11இல்தான் வழி பிரிகிறது.

அமெரிக்க முறையில் சி, ஓ, ஆர், ஒய், இசட் ஆகிய ஐந்தும் நடுவே சிறு இடைவெளி விட்ட புள்ளிகளால் ஆனவை. 'எல்' ஒரு நீண்ட கோடு. சுழியம் அதைவிட நீண்ட கோடு. பன்னாட்டு முறையில் எழுத்துக்குள் இத்தகைய இடைவெளி இல்லை. கோட்டுக்கும் ஒரே நீளம், மூன்று புள்ளி நேரம். எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு புள்ளி நேரம் மௌனம்.

'ரைஸ்' (ஆர், ஐ, சி, ஈ) என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டிலும் மாற்றிப் பார்ப்போம்.

அமெரிக்க முறை: · ·· / ·· / ·· · / ·
பன்னாட்டு முறை: ·−· / ·· / −·−· / ·

முதல் வரியில் ஒரு கோடுகூட இல்லை; ஒன்பது புள்ளிகளில் சொல் முடிகிறது. அனுப்புவது விரைவு. ஆனால் 'சி'யின் உள் இடைவெளி கொஞ்சம் நீண்டால் அது 'ஐ, ஈ' என்ற இரண்டு எழுத்தாகிவிடும். சுருங்கினால் 'எஸ்' ஆகிவிடும். இரண்டாவது வரி நீளம். எனினும் கோடுகள் எழுத்தைக் காட்டிக்கொடுக்கின்றன.

குறிகள் மங்கி ஒன்றோடொன்று கலந்த நீண்ட கடலடிக் கம்பிகளுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. 1865 பாரிஸ் மாநாட்டில் பல நாடுகள் ஏற்றதும், பின்னர் கப்பல் வானொலிக்கு வந்ததும் பன்னாட்டு முறைதான். பழகிய பணியாளர்கள் நிறைந்திருந்த அமெரிக்க ரயில்வேயில் பழைய முறை இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

ஒரே நாட்டில், தேர்ந்த காதுகளுக்கிடையே அமெரிக்க முறையே சிக்கனம். மொழியும் பயிற்சியும் வேறான அந்நியர்கள் பேசிக்கொள்ளப் பன்னாட்டு முறையே ஏற்றது. இன்று மோர்ஸ் கற்க விரும்புவோர் அதையே கற்கலாம்.