அச்சேறிய வார்த்தை அகத்தில் ஏறுமா?

1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நம் முன்னோர்க்கு மறைக்கல்வியைத் தமிழில் ஈந்தது. புதிய ஏற்பாடோ 1715-இல்தான், தரங்கம்பாடியில் லூத்தரன் சபையின் சீகன்பால்கு ஐயரால் தமிழில் அச்சேறியது. செபங்களை மனனம் செய்து விசுவாசம் காத்த நம் மக்கள், மறைநூலைப் பெரும்பாலும் குருவின் மறையுரை வாயிலாகவே அறிந்தனர்.

1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விவிலியத்தை அடிக்கடி வாசிக்குமாறு இறைமக்கள் அனைவரையும் வேண்டியது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

அம்பத்தூர், ஆவடி ஆலைகளில் இரவுப்பணி முடித்துத் திரும்புவோர்க்கு ஓய்வு அரிதே. எனினும் அன்பியத்தில் வாசித்த ஒரு பகுதியைக் கடன், பிணி, பகை ஆகியவற்றின் நடுவே எண்ணிப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். நாம் திறவாவிடில், நான்கு நூற்றாண்டு உழைப்பு அலமாரியில் உறங்கும்.